நாய்க்குட்டி விளம்பரமும் நம் கடைச் சுவரும்



எடையளவு முத்திரை, வரிக் கணக்கு, உணவு உரிமம் என்று நம் தொழிலுக்கு நேரடியாகத் தொடர்புடைய சங்கதிகளையே இவ்விதழில் பெரும்பாலும் படித்து வருகிறோம். இக்கட்டுரை நம் இருப்புப் புத்தகத்தில் இல்லாத, ஆனால் நம் கடை வாசலிலேயே விலை பேசப்படுகிற ஒரு சரக்கைப் பற்றியது. அது நாய்க்குட்டி.

கடைத் தூணிலும் ஷட்டர் ஓரத்திலும் டியூஷன் விளம்பரம், வீட்டு மனை விளம்பரம் இவற்றோடு ‘நாய்க்குட்டி விற்பனைக்கு’ என்ற துண்டுத்தாளும் இப்போது ஒட்டப்படுகிறது. கைப்பேசி விளம்பரங்களில் இது இன்னும் அதிகம். வணிகர்கள் விலை நிலவரம் தெரிந்துகொள்ள வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில்கூட, வத்தல் விலைக்கும் உளுந்து விலைக்கும் நடுவே குட்டியின் படம் வந்து விழுகிறது. ‘ஒரிஜினல் ராஜபாளையம், 30 நாள் குட்டி, குறைந்த விலை, உடனே தொடர்பு கொள்ளவும்.’ நாமும் தெரிந்தவர்தானே என்று ஒட்டவிடுகிறோம். குழுவில் வந்ததை நாலு பேருக்கு அனுப்புகிறோம். சிலர் ஒரு குட்டிக்கு இவ்வளவு என்று கமிஷனும் வாங்கிக்கொள்வதாகக் கேள்வி.

இது நமக்கும் நம் வாடிக்கையாளருக்கும், நம் மாவட்டத்தின் பெயர் தாங்கிய நாய்களுக்கும் நல்லதா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் வட்டாரத்து நாய்கள்

நாட்டு நாய் என்று பேச்செடுத்தால் விருதுநகர் மாவட்டத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. மேற்கே ராஜபாளையம், நம் வட்டாரத்திலேயே சிப்பிப்பாறை. இரண்டு ஊர்ப் பெயரும் நாயின் பெயராகவே நாடெங்கும் அறியப்பட்டவை. கரிசல் காட்டில் ஆட்டுக் கிடைக்கும் தோட்டத்துக்கும் காவல் இருந்த கன்னி நாயும் நம் தெற்கத்திச் சீமைக்கே உரியது. 2005 ஜனவரி 9-ம் தேதி அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது, அந்த நான்கில் ராஜபாளையமும் ஒன்று. ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு நாயினங்களைப் பதிவு செய்யத் தொடங்கியபோது முதலில் இடம்பெற்ற மூன்றில் இரண்டு நம்முடையவை: ராஜபாளையம், சிப்பிப்பாறை. மூன்றாவது கர்நாடகத்து முதோல். 2020 ஆகஸ்ட் 30-ம் தேதி பிரதமரின் வானொலி உரையில் இந்நாய்களின் பெயர் வந்த பிறகு குட்டி கேட்டு வருவோர் தொகை கூடியது.

கேட்பவர் கூடினால் சரக்கு வந்துதானே ஆக வேண்டும்? நல்ல மிளகாய்க்குக் கிராக்கி வந்தால் சாயம் தோய்த்த மிளகாயும் சந்தைக்கு வரும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஒரே ஈற்றில் பிறந்த ஆணையும் பெட்டையையும் சேர்த்தே குட்டி எடுப்பது, ஒல்லியாகக் கால் நீண்ட எந்தக் குட்டியையும் சிப்பிப்பாறை என்று சொல்லி விற்பது, வெள்ளையாக இருந்தால் ராஜபாளையம் என்பது, இவையெல்லாம் அப்படி வந்தவைதான்.

கன்னி நாயை விலைக்கு விற்பதில்லை, நன்றாக வைத்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்தவருக்கே குட்டி கொடுப்பார்கள் என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. எல்லாரும் அந்த வழக்கத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் குட்டி போகும் இடத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று பணம் கைபேசியில் ஏறிவிட்டால் குட்டி பஸ்ஸில் அட்டைப்பெட்டியில் போகிறது.

அடக்க விலைக் கணக்கு

வியாபாரியிடம் எதையும் அடக்க விலையை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். பெட்டை நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். குட்டி தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டியது குறைந்தது 8 வாரம், அதாவது 56 நாள். ஆக மொத்தம் 119 நாள், கிட்டத்தட்ட நாலு மாதம். இந்த நாலு மாதமும் செலவு ஒரே மாதிரி இருப்பதில்லை. முதல் மூன்று வாரம் தாய்ப்பாலே போதும். விற்பவருக்குத் தாயின் தீனியைத் தவிரப் பெரிய செலவில்லை. நாலாவது வாரத்திலிருந்து பால் குறைய ஆரம்பிக்கும்; குட்டிகள் வேறு தீனி கேட்கும். ஆறேழு குட்டி என்றால் தீனிச் செலவு என்னவாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுக்க வேண்டியதும், ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டியதும் இந்த நாட்களில்தான்.

அப்படியானால் 30 நாளில் குட்டியைத் தள்ளிவிடுகிறவர் எதை மிச்சப்படுத்துகிறார்? செலவு அதிகமாகும் கடைசி 26 நாளை. ‘குறைந்த விலை’ என்பதன் ரகசியம் இதுதான். செலவு குறையவில்லை; அது வாங்குபவர் தலைக்கு மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. காயாத பயறை எடை போட்டு விற்றவன் லாபம் பார்த்துவிடுவான்; கிட்டங்கியில் பூசணம் பிடித்த பின் நஷ்டம் நம்முடையது. இதுவும் அதே வகைதான்.

அந்த 26 நாளில் பணத்தால் ஈடு செய்ய முடியாத ஒன்றும் நடக்கிறது. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைப் படித்துக்கொள்கின்றன. அழுத்திக் கடித்தால் மற்ற குட்டி கத்தும், தாய் உறுமும். இந்தப் பாடம் படிக்காமல் 30 நாளில் பிரிக்கப்பட்ட குட்டி வளர்ந்தபின் பயந்த சுபாவம் உள்ளதாகவும், சட்டென்று கடிப்பதாகவும் ஆவதற்கு வாய்ப்பு அதிகம். கடைக்காவலுக்கென்று வாங்குகிற நாய் சரக்கு எடுக்க வந்த லோடுமேனைக் கடித்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தாயின் கணக்கு தனி. பெட்டை பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். இரண்டு முறையும் சினைப்படுத்தினால் அதன் உடம்பில் என்ன மிஞ்சும்? விளம்பரத்தில் குட்டியின் படம் மட்டும் இருக்கும். தாயின் படத்தைப் போட மாட்டார்கள். போட்டால் விலா எலும்பை எண்ணிவிடலாம்.

ஒரு சில்லறைக் கடையில் நடந்தது

என்னிடம் நெடுநாளாகச் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர். அவர் கடைத் தூணில் அதே தெருவில் குடியிருக்கும் பெண்மணி ஒருவர் குட்டி விளம்பரம் ஒட்டினார். அவருக்குக் கடையில் பற்று உண்டு. குட்டி விற்றால் பற்றை அடைப்பேன் என்று சொல்லியே ஒட்டினார். இன்னொரு வாடிக்கையாளர் தம் பிள்ளைக்காக ஒரு மாதக் குட்டியொன்றை வாங்கிப் போனார். ஐந்தாம் நாள் வாந்தி, பிறகு இரத்தமாகப் பேதி. ஏழாம் நாள் குட்டி போய்விட்டது. பிள்ளை அழுகிறதே என்று அதே ஈற்றில் மீந்திருந்த இன்னொரு குட்டியை இரக்கப்பட்டு விலையில்லாமலே கொடுத்தார் அந்தப் பெண்மணி. அதையும் அதே சாக்கில், அதே மூலையில் படுக்க வைத்தார்கள். பத்து நாளில் அதுவும் இறந்தது.

வாங்கியவர் விற்றவரிடம் போவதற்கு முன் கடைக்குத்தான் வந்தார். “அண்ணாச்சி, ஒங்க கடையில ஒட்டியிருந்ததப் பாத்துத்தான வாங்கினேன்” என்றார். கடைக்காரரிடம் பதில் இல்லை. இரண்டு குடும்பமும் பேச்சு வார்த்தையை நிறுத்தின. இரண்டும் அந்தக் கடைக்கு வருவதையும் நிறுத்தின. பற்று இன்னும் பேரேட்டில் நிற்கிறது.

விற்ற பெண்மணி ஏமாற்றுக்காரர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குட்டிகளைக் கொன்றது பார்வோ என்னும் வைரஸ் நோய். 1978-ல்தான் இந்நோய் உலகுக்குத் தெரிய வந்தது. இன்று தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு இதுதான் எமன். கிருமி உடம்பில் புகுந்து பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில் வெளியே தெரியும். ஆகவே குட்டி கைமாறும்போது துள்ளி விளையாடிக்கொண்டுதான் இருக்கும். விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. நோய்கண்ட நாயின் கழிவு பட்ட மண்ணில் கிருமி பல மாதம் உயிரோடு கிடக்கும். நாம் விற்கும் சாதாரண பினாயிலுக்கு அது மசிவதில்லை. சிமெண்டுத் தரையாக இருந்தால் கழுவித் துடைத்தபின் பிளீச்சிங் பவுடர் கரைசல் பலன் தரும். மண் தரையில் அதையும் நம்ப முடியாது. நோய் கண்டு ஒரு குட்டி இறந்த வீட்டில் தடுப்பூசி முழுமையாகப் போடாத மற்றொரு குட்டியை உடனே விடவே கூடாது. இதை அந்தத் தூணின் பக்கத்தில் நின்றிருந்த யாராவது ஒருவர் அறிந்து சொல்லியிருந்தால் இரண்டாவது குட்டியாவது பிழைத்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்காக ராஜ்யசபையில் பாடுபட்டவர் கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அந்தச் சட்டத்தின் கீழ் 2017 மே மாதம் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய விதிகளை வெளியிட்டது. அதில் நாம் அறிய வேண்டியவை சில.

குட்டி எடுத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்து சான்றிதழ் பெற வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தடுப்பூசி போட்டு, தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் வைத்த பிறகே விற்க வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் ஆகுமுன் குட்டி எடுக்கக் கூடாது; ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது; வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. பொது இடத்தில் குட்டியைக் காட்சிக்கு வைத்து விற்கக் கூடாது. ஆகவே ‘30 நாள் குட்டி’ என்று விளம்பரத்தில் போடுகிறவர் தம் கையாலேயே தம் குற்றத்தை எழுதிக் கொடுக்கிறார்.

இதில் நம்மைத் தொடுகிற இடம் ஒன்று உண்டு. இனப்பெருக்கம் செய்பவர் என்பதில் இடையில் நின்று கைமாற்றி விடுபவரையும் வியாபாரியையும் இவ்விதிகள் சேர்த்தே சொல்கின்றன. கமிஷன் வாங்குகிறவர் ‘நான் சும்மா சொல்லிவிட்டேன்’ என்று ஒதுங்க முடியாது. விதியை மீறினால் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பது 1960 சட்டம். நூறு ரூபாய்தானே என்று சிரிக்க வேண்டாம். மூன்று மாதமும் அதே வரியில்தான் இருக்கிறது.

கடைக்குள் அட்டைப்பெட்டியில் குட்டியை வைத்து ஆள் வரும்வரை பார்த்துக்கொள்வது இன்னும் மோசம். உணவுப் பொருள் வைத்து விற்கும் இடத்தில் பிராணிகள், பறவைகள் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் குட்டி படுத்திருப்பதை அதிகாரி பார்த்தால் நம் உரிமத்துக்கே கேள்வி வரும். அடுத்தவர் சரக்குக்காக நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

‘கே.சி.ஐ. பேப்பர் இருக்கிறது’ என்று சிலர் காட்டுவார்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தருவது நாயின் வம்சாவளிப் பதிவு. வாரியத்தின் பதிவுச் சான்றிதழ் வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்று இருப்பதாக எண்ணவைப்பது, வணிக வரிப் பதிவைக் காட்டி உணவு உரிமம் இருப்பதாகச் சொல்வது போன்றது.

வெளிநாடுகளில் இதற்கு என்ன வழி கண்டார்கள் என்பதையும் பார்க்கலாம். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய், பூனைக் குட்டிகளை இடைத்தரகர் மூலம் விற்கத் தடை. வளர்த்தவரிடமே, தாயோடு குட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். குட்டிப் பண்ணையிலிருந்து 2013-ல் மீட்கப்பட்ட லூசி என்ற பெட்டை நாயின் பெயராலேயே அதை லூசி சட்டம் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2019 ஜூலை முதல் நாய், பூனை விளம்பரம் எதுவானாலும் அதில் பதிவு எண் இருக்க வேண்டும். நம் பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருப்பது போலத்தான். எண் இல்லாத விளம்பரம் செல்லாது. இந்த இரண்டாவது ஏற்பாட்டை நம் சங்கத்துக் குழுக்களில் நாமே வைத்துக்கொள்ள யார் அனுமதியும் தேவையில்லை. வாரியப் பதிவு எண் இல்லாத குட்டி விளம்பரத்தைப் போடக்கூடாது என்று குழு நடத்துபவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

குட்டி கேட்டு வருபவரிடம்

நாய் பிஸ்கட் வாங்க வருபவர் ‘நல்ல குட்டி எங்கே கிடைக்கும்’ என்று நம்மிடம்தான் விசாரிக்கிறார். மூட்டையைக் குத்திப் பார்க்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. அந்தப் பழக்கத்தையே அவருக்கும் சொல்லுங்கள். தாயை அதன் இடத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். பஸ் நிலையத்தில் கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடம் வாங்கக் கூடாது. தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துச் சீட்டு ஒட்டி டாக்டர் கையெழுத்து இருக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போடுவது; ஒரு மாதக் குட்டிக்கு ‘எல்லா ஊசியும் போட்டாச்சு’ என்றால் அது பொய்.

ராஜபாளையம் கேட்பவருக்குக் கூடுதலாக ஒன்று. வெள்ளை நாய்களில் நிறமி அணுக்கள் குறைவு. அவ்வணுக்கள் உட்காதிலும் இல்லாமற்போனால் பிறந்த சில வாரத்திலேயே காது கேளாமற்போகும். டால்மேஷன் நாய்களிலும் இக்குறை உண்டு. குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, அதன் கண்ணில் படாமல் தள்ளி நின்று கையைத் தட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இதில் தப்பிவிடும் என்றாலும் முழுச் செவிடு தெரிந்துவிடும். நம் பகுதியில் ‘வெடிச் சத்தத்துக்கே அசையாத குட்டி’ என்று பெருமையாகச் சொல்லி விற்பதும் உண்டு. பட்டாசு ஊர்க்காரர்களுக்கு அது நல்ல குணமாகத்தான் படும். அது தைரியமா, செவிடா என்று கையைத் தட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யட்டும்.

சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் கேட்டு வருபவரும் இருக்கிறார்கள். பனிப் பிரதேசத்து நாயை வெம்பக்கோட்டை வெயிலில் கட்டிப்போடுவது என்ன நியாயமோ! 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில் இவ்விரண்டும் நம் சீதோஷ்ணத்துக்கு ஒவ்வாத இனங்களின் பட்டியலில் இருந்தன. கிட்டங்கிக் காவலுக்கு என்றால் தெருவில் பிறந்த குட்டியே போதும் என்பது என் அபிப்பிராயம். குரைப்பதில் அதற்கு ஈடு இல்லை. தடுப்பூசி போட்டு, வேளைக்குத் தீனி வைத்தால் இடத்தைக் காக்கும்.

எந்தக் குட்டியானாலும் பல் பட்டால் அலட்சியம் கூடாது. கடைச் சோப்பை எடுத்து, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஊசி போட வேண்டும். குட்டிக்கு வெறிநோய் வராது என்று நினைப்பவர் இன்னும் இருக்கிறார்கள், வரும்.

விற்க வருபவரிடம்

ஒட்ட வருபவரை விரட்டுவது எளிது. ஆனால் அவரும் நம் வாடிக்கையாளர். 2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததையும், அன்று நம் பற்று வரவுப் புத்தகம் எப்படி இருந்தது என்பதையும் யாரும் மறந்திருக்க முடியாது. வேலையில்லாத நாளில் வீட்டுப் பெட்டை போட்ட குட்டி நாலு காசு தருமா என்று பார்ப்பது பேராசை அல்ல.

அவரிடம் மேலே சொன்ன 119 நாள் கணக்கைச் சொல்லுங்கள். தீனி, புழு மருந்து, ஊசி, மைக்ரோசிப், பதிவுக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் காட்டுங்கள். ஒழுங்காகச் செய்தால் வீட்டளவில் இது லாபத் தொழில் அல்ல என்பது கூட்டுத் தொகையிலேயே தெரியும். சிறு முதலுக்கு ஆடோ நாட்டுக் கோழியோ வளர்த்தால் ஊர்ச் சந்தையிலேயே விலை உண்டு. யாரும் வந்து கடை வாசலில் அழப்போவதில்லை.

குட்டிகள் பிறந்தே விட்டன என்றால், எட்டு வாரம் தாயோடு விட்டுவைத்து ஊசி போட்டபின், விலை பேசாமல் தெரிந்த வீடுகளுக்குக் கொடுக்கச் சொல்லலாம். கொடுக்கும் வீட்டைத் தேடித்தர நாம் உதவலாம். நமக்குத் தெரியாத வீடா? பிறகு பெட்டைக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும். குட்டிகள் பால் மறந்து, தாய்க்குப் பால் நன்றாக வற்றிய பின் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினால் தேதி சொல்வார்கள். அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றில் வைக்க வேண்டும் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்த பிறகு பத்து நாளைக்குக் குளிப்பாட்டக் கூடாது. தையலை நக்க விடக்கூடாது. படுக்கக் கொடுக்கும் சாக்கு காய்ந்ததாக இருக்க வேண்டும். வெறும் சாக்கு நம் கடையில் எப்போதும் கிடக்கிறது, இரண்டைக் கொடுத்தனுப்பலாம்.